கல்லை உருட்டுவதா, கோயில் கட்டுவதா?

கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் இலை போடுவதற்குள் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடுவார். எங்கே வேலை, என்ன பதவி, நிரந்தரமா ஒப்பந்தமா? கொஞ்சம் நெருங்கிய உறவாக இருந்தால் சம்பளத்தையும் கேட்பார். "நீங்கள் செய்யும் அந்த வேலை யாருக்காக, எதற்காக?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் பாதிப் பேருக்குக் கோபம் வரும். மீதிப் பேருக்குப் பதில் வராது.

அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள் என் அண்ணன் மகள். வயது 27. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் நல்ல வேலை. குளிர்சாதன அறை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை, மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம். ஒவ்வொரு மாதமும் ஐந்து நாடுகளிலுள்ள கிடங்குகளிலிருந்து வரும் எண்களை எக்செல்லில் ஒன்று சேர்த்து, வண்ணம் தீட்டி, 40 பக்க அறிக்கையாக்கி 31 பேருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

சென்ற ஆண்டு ஜூலை மாத அறிக்கையின் 23ஆம் பக்கத்தில் ஜூன் மாத வரைபடமே ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அனுப்பிய பிறகுதான் கவனித்திருக்கிறாள். யாராவது கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தாளாம். யாரும் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.

திட்டு வாங்காதது அவளுக்கு நிம்மதியாக இல்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது. "நான் நாளைக்கு இந்த வேலைக்குப் போகலைன்னா உலகத்துல யாருக்கும் ஒன்னும் ஆகாது அத்தை" என்றாள். வேலையை விடப்போவதாக வீட்டில் சொன்னதும் அண்ணி பொரிந்து தள்ளிவிட்டார். "ஏசி ரூம்ல உக்காந்து ஐயாயிரம் வாங்குறவளுக்கு என்ன கேடு? பிடிபிடிஎன் கடன் யாரு கட்டுறது? உன் பாட்டி விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திரிச்சுப் பால் வெட்டப் போனாங்க. அவங்க என்ன அர்த்தமா தேடிக்கிட்டு இருந்தாங்க?"

அன்று இரவு புலனத்தில் எனக்கு ஒரு வரி வந்தது. "அத்தை, நான் திமிர் பிடிச்சவளா?"

திமிர் இல்லை. இந்தக் கேள்வியில் பெரிய பெரிய தத்துவ ஆசிரியர்களே மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறார்கள். கிரேக்கப் புராணத்தில் சிசிபஸ் என்று ஒரு மன்னன். தேவர்களை ஏமாற்றியதற்காக அவனுக்குத் தண்டனை. ஒரு பெரிய கல்லை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும். உச்சிக்குப் போனதும் கல் கீழே உருண்டுவிடும். மறுபடி இறங்கி வந்து உருட்ட வேண்டும். முடிவே கிடையாது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் கமு 1942இல் இவன் பெயரில் ஒரு நூலே எழுதினார். கவனித்துப் பாருங்கள், தண்டனை கல்லின் பாரத்தில் இல்லை. அதைவிடப் பாரமானதைச் சுமந்த மனிதர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அத்தனை பாடுபட்டும் மிச்சம் ஒன்றுமில்லை என்பதே தண்டனை. 40 பக்க அறிக்கையும் மாதம் தவறாமல் உச்சிக்குப் போய்க் கீழே உருளும் கல்தான்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ரிச்சர்ட் டெய்லர் 1970இல் வெளிவந்த ஒரு நூலில் இந்தக் கதையை இரண்டு விதமாக மாற்றிப் பார்த்தார். முதல் மாற்றத்தில் கல் கீழே உருளாது. சிசிபஸ் கொண்டுபோகும் ஒவ்வொரு கல்லும் உச்சியிலேயே தங்கி, அவற்றால் அழகான ஒரு கோயில் எழும்புகிறது. உழைப்பு அதேதான், வலி அதேதான். ஆனால் இப்போது அதைத் தண்டனை என்று சொல்ல நாக்கு வராது. இரண்டாவது மாற்றம் விசித்திரமானது. கல் பழையபடி உருண்டுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தேவர்கள் இரக்கப்பட்டு, கல் உருட்டுவதென்றால் கொள்ளை ஆசை பிறக்கும்படி அவன் உடம்புக்குள் எதையோ செலுத்திவிடுகிறார்கள். இப்போது அவன் மகிழ்ச்சியாகக் கல் உருட்டுகிறான். கடைசியில் டெய்லர் இந்த இரண்டாவது பக்கமே சாய்ந்தார். கோயிலும் ஒருநாள் கட்டி முடிந்துவிடும், பிறகு சலிப்புதான். ஆகவே அர்த்தம் என்பது வெளியே இல்லை, செய்பவனின் விருப்பத்தில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு.

எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. அந்த ஊசியை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை போர்ட்டிக்சனிலோ கேமரன் மலையிலோ ஓட்டல் எடுத்து, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-சட்டை கொடுத்து, ஒலிபெருக்கியில் ஒருவர் "உங்கள் வேலையை நேசியுங்கள்" என்று கத்துவாரே, அதே ஊசிதான். திங்கட்கிழமை அலுவலகம் போனால் கல் அதே இடத்தில் கிடக்கும். கல்லை அப்படியே விட்டுவிட்டு மனத்தை மட்டும் மாற்றச் சொல்வது, முதலாளிக்கு மிகவும் மலிவான வழி.

டெய்லருக்குப் பிறகு வந்த சூசன் வுல்ஃப் என்ற தத்துவ அறிஞர் 2010இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு காரியத்தில் மனம் ஒன்றினால் மட்டும் போதாது, மனம் ஒன்றுவதற்குத் தகுதியான காரியமாகவும் அது இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட சிசிபஸுக்கு மகிழ்ச்சி உண்டு, அர்த்தம் இல்லை. என் அண்ணன் மகள் ஊசிக்கு மசியவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

இங்கே ஒரு பெரியவர் குறுக்கிட்டு, கீதை சொல்கிறதே, பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்யென்று, அதைப் படித்தால் இந்தப் பிள்ளைகள் இப்படிப் புலம்புமா என்று கேட்பார். அலுவலகத்திலும் இதைச் சொல்லும் மேலாளர்கள் உண்டு. பலனை எனக்கென்று எதிர்பார்க்காதே என்பது ஒன்று. பலனே இல்லாத காரியத்தைச் செய்துகொண்டே இரு என்பது வேறொன்று. அதே கீதையின் மூன்றாம் அத்தியாயம் லோக சங்கிரகம் என்று பேசுகிறது. உலகம் சிதறாமல் நிலைத்திருப்பதற்காகச் செய்யும் வேலை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பற்றை விடச் சொன்ன அதே நூல், உலகத்துக்கு என்ன பயன் என்ற கேள்வியை விடச் சொல்லவில்லை.

சரி, அண்ணி கேட்டதற்கு வருகிறேன். பாட்டி, அதாவது என் அம்மா, அர்த்தம் தேடினாரா?

கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அம்மா 30 வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டினார். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போவார். வெயில் ஏறுவதற்கு முன்பு குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பாலும் அதிகம் வடியும். ஒரு நாளைக்கு 400, 500 மரங்கள். எல்லாரும் இதை வெறும் உடலுழைப்பு என்று நினைக்கிறார்கள். அம்மாவின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் அதிகம். அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய திசு இருக்கிறது. உளி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். கொஞ்சம் ஆழமாகப் போனால் அந்தத் திசு காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. நடுவில் விடவேண்டிய இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், 500 மரங்களில் கையாலேயே கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கு மரம் பட்டையின் தடிமன் வேறு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் இயக்குநராக வந்த ரிட்லிதான் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். உண்மைதான். அந்த முறையை நாள்தோறும் கோடிக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அம்மா தன் வேலையை நேசித்தார் என்று சொல்லி இதை அழகுபடுத்த நான் தயாரில்லை. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. "இந்த உளி உங்க கைக்கு வரக்கூடாது" என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். ஆனால் மற்றொன்றையும் கேட்டிருக்கிறேன். புதிதாக வந்த ஒருவர் மரத்தைக் காயப்படுத்திவிட்டுப் போனால் அம்மாவுக்கு ஆறாது. "கண்ணு இல்லாதவன் வெட்டின மாதிரி வெட்டி வெச்சிருக்கான், இந்த மரம் இனி எப்படிப் பால் கொடுக்கும்?" என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் புலம்புவார். மரம் அவருடையது அல்ல. பாலும் அவருடையது அல்ல. லாபம் எங்கேயோ போனது. இருந்தாலும் நன்றாக வெட்டப்பட்ட மரம் எது, கெட்ட மரம் எது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருடைய கையில் இருந்தது. அவர் வெட்டியது சரியா தப்பா என்று மரமே மறுநாள் பதில் சொன்னது. மண்டோர் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் மங்கு நிறைந்தால் தெரியும்.

அண்ணி சொல்லுகிற ஒப்பீடு இங்கேதான் இடறுகிறது. பாட்டியின் வேலை கொடுமையானது, பேத்தியின் வேலை சொகுசானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டிக்கு மரம் பதில் சொன்னது. பேத்திக்கு 31 பேரில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

அதே தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கட்டியபோது அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மணல் சுமந்திருக்கிறார். ஆறு நாள் வெட்டிக் களைத்த உடம்பு. அந்த மணலுக்குச் சம்பளம் கிடையாது, மாதாமாதம் கோயில் வரி வேறு கொடுத்தார். அந்தக் களைப்பைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. டெய்லரின் கோயில் கட்டி முடிந்ததும் சலிப்பு வந்துவிடும் என்கிறாரே, அவர் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்திருக்கமாட்டார். கோயில் கட்டி முடிந்த பிறகுதான் அதன் வேலையே தொடங்குகிறது.

அண்ணன் மகளிடம் நான் வேலையை விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. உன் அறிக்கையின் 40 பக்கத்தில் எந்தப் பக்கத்தை யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் விசாரித்துப் பார் என்றேன். கொஞ்சம் தயங்கினாள். "கேட்டா, வேலையே தேவையில்லன்னு சொல்லிட்டா?" நியாயமான பயம். இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலிருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேட்டாள். 31 பேரில் 19 பேர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லது பதிலே போடவில்லை. மேலும் சிலர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள். ஆனால் பினாங்குக் கிடங்கில் ஒருவர் இருந்தார். அவர் 8, 9, 10 ஆகிய மூன்று பக்கங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் எத்தனை பகுதிநேர ஆள் தேவை, யாருக்கு எந்த நாள் விடுமுறை கொடுக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறாராம். "ரெண்டு நாள் முன்னாடியே அனுப்ப முடியுமா? ஆளுங்களுக்குச் சொல்றதுக்கு வசதியா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். அன்று எனக்கு அவள் தொலைபேசியில் பேசிய குரலே வேறு. இப்போது அந்த மூன்று பக்கம் மட்டும் முன்கூட்டியே பினாங்குக்குப் போகிறது. முழு அறிக்கையையும் 12 பக்கமாகக் குறைக்க மேலாளர் சம்மதித்துவிட்டார். மீதி 28 பக்கம்? "பின்னிணைப்பு" என்ற பெயரில் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எல்லாக் கல்லையும் ஒரே நாளில் கோயிலாக்க முடியாது. அவள் வேறு வேலையும் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இப்போது நேர்காணலில் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நான் செய்வதை யார் பயன்படுத்துவார்கள்?"

இவளைப் போன்றவர்களைப் பற்றித்தான் மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2018இல் ஒரு நூல் எழுதினார். செய்பவருக்கே தேவையில்லை என்று தெரிந்த வேலைகள் பெருகிவிட்டன என்றார். அலுவலக வேலைகள் பல அப்படிப்பட்டவை, குப்பை அள்ளுபவரும் துப்புரவு செய்பவரும் ஒருநாள் நின்றால்தான் ஊர் நாறும் என்பது அவர் வாதம். படிக்க உறைப்பாக இருந்தது. ஆனால் 2021இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஐரோப்பியத் தொழிலாளர் கணக்கெடுப்புகளை எடுத்துச் சோதித்தபோது வேறொரு படம் கிடைத்தது. தங்கள் வேலை பயனற்றது என்று உணர்ந்தவர்கள் 2015இல் 4.8 விழுக்காடுதான். கிரேபர் நினைத்ததைவிட மிகக் குறைவு. அதைவிட வியப்பு, குப்பை அள்ளுபவர்களிடையே அந்த எண் 9.7 விழுக்காடு. ஊருக்கு இன்றியமையாத வேலையைச் செய்பவர்கள், தங்கள் வேலை பயனற்றது என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உணர்கிறார்கள். காரணத்தை ஆராய்ந்தால், மரியாதையில்லாத மேலாளர், தன் யோசனைக்கு இடமில்லாத நாள், முடிக்க நேரமில்லாத வேலை என்றே வருகிறது. கார்ல் மார்க்ஸ் 1844இல் தம் கையெழுத்துப் பிரதிகளில் அந்நியமாதல் என்று எழுதியதும் இதைத்தான்.

ஆகவே கல் கோயிலானால் மட்டும் போதாது. கோயில் கட்டுகிறவரைக் கல்லைப் போல நடத்தக்கூடாது.

ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி 2001இல் எழுதிய கட்டுரை மேலாண்மை வகுப்புகளில் இன்றும் ஓடுகிறது. ஒரே மருத்துவமனை, ஒரே வேலை. சிலர் சொன்னதைச் செய்துவிட்டு ஒதுங்கினார்கள். சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், தாதிகளின் வேலைக்கு ஏற்பத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், குணமாக்கும் வேலையில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். நல்ல கட்டுரை. ஆனால் நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், சம்பளத்தைக் கூட்ட வேண்டாம், மனப்பான்மையைக் கூட்டினால் போதும் என்பது.

போன ஆண்டு உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனை வார்டில் ஒன்பது நாள் இருந்தேன். அங்கே துப்புரவு செய்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆறாம் கட்டிலில் இருந்த பெரியவரின் தண்ணீர்க் குவளை சாயங்காலம் வரைக்கும் நிறைந்தபடியே இருப்பதைக் கவனித்து, தாதியிடம் சொன்னவர் அவர்தான். குவளையைப் பார்ப்பது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. 14 வருடமாக அதே நடைபாதையைத் துடைக்கிறாராம். ஆனால் குத்தகை நிறுவனம் மூன்று முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதுச் சீருடை, புது அட்டை, புதிதாகச் சேர்ந்தவர் என்று புதுக் கையெழுத்து. பதினான்கு வருட அனுபவம் எந்தத் தாளிலும் இல்லை.

கிளம்பும் நாளில் அவர் மார்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே ஓர் எண். வார்டு வாசலில் கருத்துப் படிவம் வைத்திருந்தார்கள். மருத்துவர், தாதி, உணவு, கழிப்பறைச் சுத்தம் என்று நான்கு கட்டங்கள். கழிப்பறைக்கு நட்சத்திரம் போடலாம், அதைக் கழுவுகிறவருக்குப் போட இடமில்லை. திரும்பிப் போய் அந்த அக்காவிடம் பெயர் கேட்டேன். எதற்கோ புகார் எழுதப்போகிறேன் என்று முதலில் பயந்துவிட்டார். குவளை விஷயத்தை எழுதப்போகிறேன் என்றதும், பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டியும் சொன்னார். படிவத்தின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.